மேயரம்மா போட்ட ரோடு

டவுன் பஸ் ஓட்டுகிற அவருக்கு டிப்போவில் மின்னல் என்று பெயர். வைத்தவன் அவருடைய கண்டக்டர். வேகத்தைப் பார்த்து வைத்த பெயர்தான், ஆனால் தலைகீழாக நின்று பார்த்து வைத்தது. மின்னல் பஸ்ஸை எடுத்தால், பக்கத்தில் நடந்து போகிறவர் குனிந்து செருப்பு வாரை மாட்டி, நிமிர்ந்து, சோம்பல் முறித்து, தெரிந்தவரிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு நடந்தாலும் பஸ்ஸுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடலாம். ஒரு தடவை பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி ஏறினாள், இறங்கும்போது கூட வந்த பிள்ளைக்கு அரை டிக்கெட் போட வேண்டியதாயிற்று என்று கண்டக்டர் கண்டவர்களிடமெல்லாம் சத்தியம் செய்வான்.

"அண்ணே, கடைசி சீட்டுல இருக்கறவரு ஏறும்போது மீசையில்லாம ஏறினாரு. இப்ப திரும்பிப் பாருங்க."

"டேய், பத்திரமா கொண்டுபோய்ச் சேர்க்கறேனா இல்லையா?"

"சேர்க்கறீங்கண்ணே. வேலைக்குப் போறவனை பென்ஷன் வாங்கற வயசுல சேர்க்கறீங்க."

பாவம், அவர் மேல் தப்பில்லை. அவர் ரூட்டில் ஐந்து ரோடு கூடுகிற ஒரு சந்திப்பு இருந்தது. கூடுகிறது என்று சொல்வது மரியாதைக்கு. ஐந்தும் அங்கே வந்து முட்டிக்கொண்டு, ஒன்றின் சட்டையை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும். பச்சை விளக்கு என்னமோ சொந்தக் காசில் எரிகிற மாதிரி கண் சிமிட்டிவிட்டு அணைந்துவிடும். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தே அவருக்குத் தலை நரைத்தது. வெயிலால் என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்.

வீட்டில் அவருடைய மனைவி, திரைச்சீலை தைக்கிறவர். ஜன்னல், கதவு, மேடை எதுவானாலும் அளவெடுத்து மடிப்பு வைத்துத் தைத்துக் கொடுப்பார். வருஷக்கணக்காகக் குனிந்து தைத்ததில் முதுகு மக்கர் செய்ய ஆரம்பித்தது. மெஷின் முன்னால் ரொம்ப நேரம் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மகள் கல்யாணமாகி ஊரின் மறுகோடிக்குப் போனபோது பழைய கம்ப்யூட்டரை விட்டுவிட்டுப் போயிருந்தாள். அதில் ஊர் கட்டுகிற விளையாட்டு ஒன்று இருந்தது. வெறும் நிலத்தைக் கொடுப்பார்கள். ரோடு போட வேண்டும், தண்ணீரும் கரண்டும் கொடுக்க வேண்டும். ரோடு போட்டால் ஜனம் தானாக வந்து வீடு கட்டும். பிடிக்காவிட்டால் தானாகவே மூட்டை கட்டும். ஒரு நாள் தூசி தட்டப் போன அம்மாள் அதைத் திறந்தவர்தான், மறுபடி தூசி தட்டவேயில்லை.

"என்ன இது, டாக்டர் என்ன சொன்னாரு?" என்று மின்னல் கேட்டார்.

"மெஷின் முன்னாடி உட்காரக் கூடாதுன்னுதானே சொன்னாரு? கம்ப்யூட்டர் முன்னாடி உட்காரக் கூடாதுன்னு சொல்லலையே."

மின்னல் தானே போய் டீ போட்டுக்கொண்டார்.

அம்மாள் கட்டிய முதல் ஊர் ஒரே ஒரு ரோட்டில் முடிந்த ஊர். ஒரு முனையில் வீடெல்லாம், மறு முனையில் வேலையெல்லாம். காலையில் மொத்த ஊரும் ஒரு திசையில் போய் அடைத்துக்கொண்டது. குப்பை வண்டியால் நுழைய முடியவில்லை. குப்பை நாறியது. ஜனம் காலி செய்துகொண்டு போயிற்று. மின்னல் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஓட்டுப் போட ஒரு ஆள் கிடையாது, நீ மட்டும் மேயரு! வாங்க மேயரம்மா, சாப்பாடு போடுங்க."

அன்றிலிருந்து அவர் வாயில் அதுதான் பெயர். அம்மாளுக்கும் அது உள்ளூரப் பிடித்திருந்தது. கோபித்துக்கொள்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, தட்டில் கூட ஒரு கரண்டி வைப்பார்.

பிறகு மேயரம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். டூட்டி முடிந்து வருகிற புருஷனைச் சாப்பிட உட்கார வைத்து, இன்றைக்கு எங்கே மாட்டினீர்கள், ஏன் மாட்டினீர்கள் என்று கேட்பது. மின்னலுக்கு அதைச் சொல்வதில் அலுப்பே இல்லை. உப்பு டப்பா போலீஸ்காரர், கரண்டிகள் ஐந்து ரோடு, தண்ணீர் டம்ளர் அவருடைய பஸ். "நான் இப்படி வர்றேன். இவன் குறுக்க திரும்பறான். அவன் ஒருத்தன் திரும்பறதுக்கு எனக்குப் பின்னாடி நூறு பேரு நிக்கணும்." டம்ளர் கரண்டிக்கு நடுவில் நிற்கும். சாதம் ஆறும். மேயரம்மா கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"ரோட்டை இன்னும் அகலமா போட்டா?"

"போட்டா இன்னும் நாலு பேரு சேர்ந்து வந்து நிப்பாங்க."

"அதானே. எவ்வளவு அகலத் துணி எடுத்தா என்ன, கம்பியில கோக்கற இடத்துலதானே கசங்குது."

மின்னல் மென்றதை நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தார். தலை நரைக்க உட்கார்ந்திருந்த தனக்கு இது ஒரு நாளும் தோன்றவில்லையே என்று இருந்தது. "உப்பு கொஞ்சம் கம்மி" என்று மட்டும் சொன்னார்.

இரண்டாவது ஊரை மேயரம்மா திரைச்சீலைக்கு மடிப்பு வைப்பதுபோல் நிதானமாகப் போட்டார். சின்னத் தெரு கொஞ்சம் பெரிய தெருவில் சேரும், அது பெரிய ரோட்டில் சேரும். கடைக்குப் போகிற லாரி வீட்டுத் தெருவில் நுழையாது. பஸ்ஸுக்குத் தனிப் பாதை. அந்த விளையாட்டில் தெருவில் போகிற எந்த மனுஷனையும் அமுக்கினால் அவன் எங்கே குடியிருக்கிறான், எங்கே போய்க்கொண்டிருக்கிறான் என்றெல்லாம் காட்டும். பெயரையும் மாற்றி வைக்கலாம். மஞ்சள் வீடு ஒன்றில் குடியிருந்த ஜோடியைப் பிடித்து, அந்த அம்மாளுக்கு மேயர் என்றும் ஆளுக்கு மின்னல் என்றும் பெயர் வைத்தார். கட்டைவிரல் நகம் அளவுகூட இல்லாத அந்த மின்னல் காலையில் பஸ் ஏறி ஊருக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போவான், மாலையில் திரும்புவான்.

கடைசியாக ஒரு நாள் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் கூப்பிட்டார். "என்னங்க, சீக்கிரம் வாங்க. உங்க அஞ்சு ரோட்டுக்கு ஆபரேஷன் பண்ணிட்டேன்."

திரையில் அதே ஐந்து ரோடு. இரண்டு ரோடு பூமிக்கு அடியில் புகுந்து மறுபக்கம் எழுந்தன. மற்ற மூன்றும் ஒரு வட்டத்தைச் சுற்றின. பஸ் வந்தது, வளைந்தது, நிற்காமல் போயே விட்டது. மின்னல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சந்திப்பில் நிற்காமல் போகிற ஒரு பஸ்ஸை அவர் ஜென்மத்தில் முதல் தடவையாகப் பார்க்கிறார்.

"ரொம்ப வேகமா போறான். அந்த டிரைவருக்கு மெமோ குடு" என்றார்.

"நீங்க அங்க ஓட்டுங்க. உங்களுக்கு இங்க நான் ரோடு போட்டுத் தரேன்."

அவ்வளவுதான், அப்படித்தான் இருந்தது அந்த வீடு.

கொஞ்சம் கொஞ்சமாகத் தைத்து முடித்த திரைச்சீலையைக் கொடுக்க ஒரு நாள் ஒரு கடைக்குப் போன இடத்தில் மேயரம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கடைக்காரர்கள் பக்கத்திலேயே இருந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மகள் அலறியடித்துப் போய்ச் சேர்ந்து அப்பாவுக்குப் போன் செய்தாள். கண்டக்டர்தான் போனை எடுத்து அவர் காதில் வைத்தான். பஸ் ஐந்து ரோடு சந்திப்பின் நட்டநடுவில் நின்றது. டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தால் ஆஸ்பத்திரியின் மேல்மாடி தெரிந்தது.

"இறங்கி ஓடுங்கண்ணே. நான் பாத்துக்கறேன்."

"வண்டியை நீ எடுப்பியாடா?"

கண்டக்டருக்கு சைக்கிளே தகராறு. அவர் இறங்கினால் பஸ் நின்ற இடத்தில் நிற்கும், ஐந்து ரோடும் நிற்கும், ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டி எல்லாமும் நிற்கும். அவர் இறங்கவில்லை. ஹாரனில் கை வைத்தபடியே பஸ்ஸை ஓரம் சேர்த்து, பிறகுதான் ஓடினார். போய்ப் பார்த்தபோது மகள் தாழ்வாரத்து பெஞ்சில் அம்மாவின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் யாரையும் சொல்லவில்லை, அந்தச் சந்திப்பைத் தவிர. டிப்போவில் கேட்டு ரூட்டை மாற்றிக்கொண்டார். ஊருக்கு வெளியே, ஆடுகூட ஏற யோசிக்கிற ஒரு ரூட். புதுக் கண்டக்டர் பேசவே மாட்டான். பழைய கண்டக்டர் டிப்போவில் பார்த்தால், "அண்ணே, புது டிரைவர் நேரத்துக்குக் கொண்டுபோய் விட்டுடறான். ஜனங்க ஆபீஸ்ல என்ன பண்றதுன்னு தெரியாம முழிக்கறாங்க. வந்துடுங்கண்ணே" என்பான். மின்னல் சிரிப்பார். சிரிப்பு வாயோடு நின்றுவிடும்.

துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் போன பிறகு அவர் கம்ப்யூட்டரைத் திறந்தார். மேயரம்மா விட்ட இடத்தில் ஊர் அப்படியே நின்றுகொண்டிருந்தது. பஸ் வளைவில் நின்றது. தெருவில் நாய் நின்றது. எதை அமுக்க வேண்டும் என்று தெரியாமல் அமுக்கியதில் ஊர் ஓட ஆரம்பித்தது. மஞ்சள் வீட்டை அமுக்கினார். மேயர் வீட்டில்தான் இருந்தார். பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் 'முதியவர்' என்று போட்டிருந்தது.

அந்த விளையாட்டில் காலம் நாலு கால் பாய்ச்சலில் ஓடும். டீ ஆறுவதற்குள் ஒரு வருஷம் போய்விடும். ஜனம் பிறக்கும், படிக்கும், வேலைக்குப் போகும், கிழடாகும், சாகும். செத்தால் வீட்டு மேல் ஒரு கறுப்பு அடையாளம் வரும், ஒரு கறுப்பு வண்டி வந்து கொண்டுபோகும்.

மின்னல் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி எங்கே என்று தேடினார். ஊருக்கு அந்தக் கோடியில், பெரிய ரோட்டு ஓரத்தில் இருந்தது. அங்கேயா? அவருக்குக் கோபமே வந்துவிட்டது. அடுத்து அவர் செய்தது அவரைத் தவிர வேறு யாரும் செய்யாத காரியம். மஞ்சள் வீட்டை ஒட்டியிருந்த வீடுகளை இடித்துத் தள்ளிவிட்டு, விளையாட்டில் இருப்பதிலேயே பெரிய ஆஸ்பத்திரியை வாசலை ஒட்டி நிறுத்தினார். கட்டில் ஓரத்தில் கால் நீட்டினால் ஆபரேஷன் தியேட்டரில் இடிக்கும். ரொம்ப நாளைக்கு அப்புறம் மனசு நிறைந்தது. மறக்காமல் சேமித்தும் வைத்தார், மேயரம்மா சேமித்து வைத்திருந்ததற்கு மேலேயே.

அப்புறம் ஊர் முழுக்க அந்தத் தெருவுக்கு வந்தது.

நோயாளி, நோயாளியைப் பார்க்க வருகிறவர், வேலைக்காரர்கள், சரக்கு லாரி, ஊரில் உள்ள அத்தனை ஆம்புலன்ஸ். நாலு வீட்டுப் பிள்ளைகள் விளையாடப் போட்ட தெரு அது. அடைத்துக்கொண்டது. அவர் பதறி, மரங்களை வெட்டி ரோட்டை அகலமாக்கினார். இன்னும் அடைத்தது. சிக்னல் வைத்தார். சிக்னல் நிஜமான ஐந்து ரோடு சிக்னலுக்குச் சித்தப்பன் மகன் மாதிரி நடந்துகொண்டது. நெரிசல் தெருவைத் தாண்டி, பெரிய தெருவைத் தாண்டி, மேயரம்மா ஆபரேஷன் செய்த வட்டம் வரைக்கும் போய் அதையும் கட்டிப்போட்டது. நாளடைவில் பஸ் பாதைக்குள்ளும் லாரி நுழைந்தது.

அந்தக் கூட்டத்தில், கடைக்குப் போயிருந்த மேயர் ஒரு பஸ்ஸுக்குள் மாட்டிக்கொண்டார். அமுக்கிப் பார்த்தால் 'வீட்டுக்குப் போகிறார்' என்று வந்தது. எப்போது பார்த்தாலும் அதேதான் வந்தது. பஸ் அசையவில்லை. மின்னல் விளையாட்டை நிறுத்தினார். ஓடவிட்டால் மேயருக்கு வயசாகும், நிறுத்தினால் மேயர் ரோட்டிலேயே நிற்பார்.

வார விடுமுறை அன்று மத்தியானம் மகள் வந்தாள். அப்பா சட்டைகூடப் போடாமல், முகம் மழிக்காமல், திரைக்கு ஒரு சாண் தூரத்தில் மூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, தாடியை எல்லாம் பாத்தா உன் பஸ்ல ஏறின பாசஞ்சர் மாதிரி இருக்கே."

அவர் திரையைக் காட்டினார். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். அம்மாவின் ஊர் அவளுக்கும் தெரியும். போனில் அம்மா சொல்லிச் சொல்லி ஒவ்வொரு தெருவும் தெரியும்.

"இங்க எதுக்குப்பா ஆஸ்பத்திரி?"

"பக்கத்துல இருக்கட்டும்னு."

"ஆஸ்பத்திரியை வாசல்ல வெச்சா ஊரு மொத்தமும் வாசலுக்குத்தானே வரும்? அம்மா சேவ் பண்ணினது இருக்குமே, அதை எடு."

"அது மேலயே போட்டுட்டேன்."

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் வேறு என்னவோ ஆனது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி விடு. ஆஸ்பத்திரியை இடிச்சிடு. அம்மா வீடு போய்ச் சேருவாங்க" என்றாள்.

"இடிக்க மாட்டேன்."

"அப்பா, அவங்க பஸ்லயே நிக்கறாங்கப்பா."

"ஏதாவது ஒண்ணுன்னா? மறுபடியும் தூரத்துல இருந்தா?"

"அன்னிக்கு ஆஸ்பத்திரி தூரத்துல இல்லப்பா. அம்மாவுக்கு அது பக்கத்துலதான் இருந்துச்சு. நீதான் தூரத்துல இருந்தே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. "நான் அப்படிச் சொல்லலப்பா" என்றாள். அவர் தலையை ஆட்டினார். ஆஸ்பத்திரி மேல்மாடி கண்ணில் தெரிய ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை அது, இப்போது மவுஸைப் பிடித்திருந்தது. ஆஸ்பத்திரியை அமுக்கினார். இடித்தார். புழுதி கிளம்பி அடங்கியது.

அதற்கப்புறம் எழுந்து சமையலறைக்குப் போய் உப்பு டப்பாவும் கரண்டிகளும் டம்ளரும் கொண்டுவந்தார். கம்ப்யூட்டர் மேஜையிலேயே பரப்பினார். எது எங்கே கசங்குகிறது என்று மகளுக்குக் காட்டினார். அகலமாக்கிய ரோட்டைப் பழையபடி குறுக்கினார். தெருவை ஒரு பக்கம் மட்டும் போகிற மாதிரி மாற்றினார். சிக்னலைப் பிடுங்கினார். லாரிகளைப் பெரிய ரோட்டுக்கு விரட்டினார். "இங்க ஒரு மடிப்பு, இங்க ஒரு மடிப்பு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மகள் டம்ளரைத் தள்ளித் தள்ளிக் கொடுத்தாள்.

ஊரை ஓடவிட்டார். முதலில் வட்டம் அவிழ்ந்தது. அப்புறம் பெரிய தெரு. பஸ் ஒரு குலுங்கு குலுங்கி நகர்ந்தது. மஞ்சள் வீட்டு நிறுத்தத்தில் நின்றது. எறும்பு மாதிரி ஒரு உருவம் இறங்கி, நிதானமாக நடந்து, வீட்டுக்குள் போனது.

மின்னல் சட்டென்று ஊரை நிறுத்தினார். 'வீட்டில் இருக்கிறார்' என்று காட்டியது. அப்பாவும் மகளும் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்படியே விட்டுடுப்பா. ஓட விடாதே. அம்மா வீட்டுலயே இருக்கட்டும்."

அவர் இன்னொரு பக்கம் தேடினார். வேலை முடிந்த குட்டி மின்னல் ஊருக்கு அந்தக் கோடியில் ஒரு பஸ்ஸுக்குள் இருந்தான். 'வீட்டுக்குப் போகிறார்.'

"இவன் ரோட்டுல நிக்கறானேம்மா."

"நிக்கட்டும்ப்பா."

"எவ்வளவு நேரம் நிப்பான்? அவ உள்ள தனியா இருக்கா. இவன் வந்து சேர்ந்துட்டா நிறுத்திடறேன். ரோடெல்லாம் காலியாத்தான் இருக்கு, வந்துடுவான்."

ஓடவிட்டார். ரோடு உண்மையிலேயே காலி. மேயரம்மா இருந்தால் கைதட்டியிருப்பார். பஸ் பெரிய ரோட்டில் பறந்தது. ஐந்து ரோடு சந்திப்பை நிற்காமல் வளைந்து கடந்தது. இரண்டு நிறுத்தம் பாக்கி. மின்னல் நாற்காலி நுனியில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டிருந்தார்.

மஞ்சள் வீட்டு மேல் கறுப்பு அடையாளம் வந்தது.

மகள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவர் நிறுத்தவில்லை. கை மவுஸ் மேல் அப்படியே இருந்தது. பஸ் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு வண்டி இல்லை, குறுக்கே திரும்புகிறவன் இல்லை, சிவப்பு விளக்கு இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து கறுப்பு வண்டியும் தங்கு தடையில்லாமல் வந்தது. நல்ல ரோடு, எல்லாரும் வேகமாக வந்தார்கள்.

"ரோடு காலியாத்தான் இருந்துச்சும்மா" என்றார்.

"ஆமாப்பா."

"ஒருத்தன் குறுக்க வரல."

"இல்லப்பா. யாரும் வரல."

"அப்பவும் இவன் வந்து சேரலயே."

இத்தனை நாளும் அழாத மனுஷன், உப்பு டப்பாவுக்கும் கரண்டிகளுக்கும் நடுவில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். டம்ளர் உருண்டு கீழே விழுந்தது. மகள் அதை எடுக்கவில்லை. அவளும் அவர் முதுகின் மேல் முகத்தை வைத்து அழுதாள். இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தபோது கறுப்பு வண்டி போய்விட்டிருந்தது. குட்டி மின்னல் எப்போதோ இறங்கி வீட்டுக்குள் போயிருந்தான். மஞ்சள் வீட்டை அமுக்கினால் ஒரு பெயர்தான் வந்தது.

"நிறுத்திடவாப்பா?"

அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். மூக்கைத் துண்டால் சிந்திக்கொண்டார். விளையாட்டில் இருட்டியது, வீடுகளில் விளக்கு எரிந்தது, அதற்குள் விடிந்தும்விட்டது. மஞ்சள் வீட்டுக் கதவருகே ஒரு புள்ளி தோன்றியது. நகத்தளவுகூட இல்லாத அந்த மனுஷன் தெருவில் இறங்கி, நிறுத்தத்தில் போய் நின்றான். பஸ் வந்துகொண்டிருந்தது. அவன் என்னமோ ஏறலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி அங்கேயே நின்றான்.

"ஏறுடா" என்றார் மின்னல், கண்டக்டரைக் கூப்பிடுகிற அதே அதட்டலில். "ஏறித் தொலை. டூட்டிக்கு நேரமாச்சு."